சிறுவாட்டு அரிசி

சுங்கை கெலாடித் தோட்டம்,
பத்தாங் பெர்ஜுந்தை,
கோலசிலாங்கூர்.
12 ஆகஸ்ட் 1952

பிரியமுள்ள முரியலுக்கு,

கடல் தாண்டிப் போன இடத்திலும் உன்னைக் கைவிடாமல் நடத்துகிற ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, உன் கான்ஸ்டன்ஸ் எழுதுவது. நானும் மெர்சியும் சுகம். உன் சுகத்துக்கும் படிப்புக்கும் தினமும் ஜெபிக்கிறேன்.

பிப்ரவரியில் வந்த கடிதத்துக்கு ஆகஸ்டில் பதில் எழுதுகிறவளை நீ என்ன திட்டினாலும் தகும். விடுதியில் ஒரு வேளை உன்னோடு சாப்பிட வராவிட்டாலே இரண்டு நாள் முகம் கொடுக்க மாட்டாய். இப்போது ஹாம்பர்க்கில் உட்கார்ந்துகொண்டு, கல்யாணம் ஆனதும் மலாயாக்காரி ஆகிவிட்டாள், இனி நாம் எதற்கு என்று உன் வீட்டுக்கார அம்மாவிடம் புலம்பியிருப்பாய். அப்படி இல்லையடி. பலமுறை தாளை எடுத்தேன். உன் பெயரை எழுதியதும் குழந்தை அழும், இல்லாவிட்டால் நான் அழுவேன். மடித்து வைத்துவிடுவேன்.

மெர்சிக்கு மேல்பல் வந்துவிட்டது. கூடவே காய்ச்சலும் வந்தது. பல்லுக்கு வரும் காய்ச்சல்தானா, கொசுவால் வரும் காய்ச்சலா என்று தெரியாமல் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கும் ஃப்ளோரா சிரிக்கிறாள். "நீங்க இப்படித் தொட்டுக்கிட்டே இருந்தா நல்ல புள்ளைக்கும் சூடு ஏறும்லா, கிராணியம்மா" என்கிறாள். மெர்சி இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நேற்று முள்வேலிக் கேட்டில் துப்பாக்கியோடு நின்ற கான்ஸ்டபிளைப் பார்த்து "ப்பா" என்று கையை நீட்டினாள். அந்த மலாய்க்கார மனிதர் சிரிக்க வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நானும் மெர்சியும் சுகம்" என்று மட்டும் எழுதியதை நீ கவனித்திருப்பாய். ஜூலியஸ் வீட்டில் இல்லை. ஜூன் மாதம் அவசரகாலச் சட்டத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முகாமில் இருக்கிறார். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி சேர்த்து வைத்தார் என்பது குற்றச்சாட்டு. புருஷன் பெயரை எழுத்தில் எழுதுகிறாயே என்று கேலி பண்ணாதே. முகாமில் அவரை எண் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பெயரைச் சொல்ல ஒரு ஆளாவது வேண்டாமா?

வேறு யார் மூலமோ இதை நீ அரைகுறையாகக் கேள்விப்பட்டு, உன் கடிதத்தால்தான் எல்லாம் வந்தது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

நீ அந்தக் கடிதத்தில் ஒரு ஜெர்மன் சொல்லைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். நோட்க்ரோஷன். நோட் என்றால் முடை, நெருக்கடி. க்ரோஷன் என்றால் பழைய காலத்து வெள்ளிக்காசு. சேர்த்துச் சொன்னால், முடை வந்தால் எடுக்கலாம் என்று ஒதுக்கி வைக்கிற காசு. மெல்லிசான காசுகளுக்கு நடுவில் தடிமனாக வந்ததால் லத்தீனில் "தடித்தது" என்று பெயர் வைத்தார்கள், அது ஊர் ஊராக நடந்து க்ரோஷன் ஆனது. அதற்கும் முன்னால் பென்னிக் என்கிற சின்னக் காசை வைத்து இதே போல ஒரு சொல் இருந்ததாம். இரண்டு சொல்லை நடுவில் மூச்சு விடாமல் ஒட்டிவிடுகிறார்கள், நம் பண்டிதரிடம் மாட்டியிருந்தால் புணர்ச்சி விதி கேட்டே கொன்றிருப்பார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து நான் சத்தமாகச் சிரித்தேன். ஜூலியஸ் வந்து என்ன என்று கேட்டு, அவரும் சிரித்தார்.

பிறகு உன் வீட்டுக்கார அம்மாவின் கதை. கோட்டின் உள்துணியில் தைத்து வைத்து வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததெல்லாம், நாலு வருஷத்துக்கு முன்னால் நாணயத்தை மாற்றியபோது கைப்பிடிக்குள் அடங்கிவிட்டதே, அது. "முடை வருவதற்கு முன்னாலேயே காசு செத்துவிட்டது" என்று அந்த அம்மா சொன்னதாக எழுதியிருந்தாய். முடிவில், இதற்குத் தமிழில் என்ன சொல், உன் தோட்டத்துப் பெண்களிடம் கேட்டு எழுது, கட்டுரைக்கு வேண்டும் என்றாய்.

கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து பெண்கள் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது உன் கடிதத்தையே படித்துக் காட்டினேன். அன்றைக்கு இந்துப் பெண்களும் சிலர் இருந்தார்கள். வேலி போட்டு, கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கிய பிறகு, பாட்டுச் சத்தம் கேட்டால் எல்லாரும் வந்துவிடுகிறார்கள். மூன்றாவது லயத்துத் தாயம்மா, ரப்பர் மரம் சீவுகிறவள், உடனே சொன்னாள்: "இதுக்கா வெள்ளைக்காரன் இம்புட்டு பெரிய பேரு வச்சான்? சிறுவாடுன்னு சொல்லச் சொல்லு. புருசனுக்குத் தெரியாம முடிஞ்சு வைக்கிறோமுல்ல, அதான்." புருஷனுக்குத் தெரிந்தால் அது சிறுவாடு இல்லை, சம்பளம் என்று ஃப்ளோரா சொல்ல, ஒரே சிரிப்பு. சிறு என்பது புரிகிறது. வாடு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே அகராதி இல்லை. உன் பேராசிரியரிடம் அப்படியே சொல்லிவிடு.

ஆனால் உன் வீட்டுக்கார அம்மாவின் கதையைப் படித்தபோது யாரும் சிரிக்கவில்லை. இங்கே எல்லாருக்கும் அது தெரிந்த கதை. ஜப்பான்காரன் காலத்தில் வாழைமரம் போட்ட நோட்டு ஓடியது. கூலியும் அதில்தான், சேமிப்பும் அதில்தான். அவன் தோற்ற மறுநாள் அந்த நோட்டை அடுப்பு பற்ற வைக்க எடுத்தார்களாம். தாயம்மாவின் மாமியார் ஒரு தலையணை நிறைய வைத்திருந்தாராம். "காசு சாவுது கிராணியம்மா. அரிசி சாவாது. வைக்கிறதா இருந்தா அரிசியா வைப்போம்" என்றாள்.

நம் சபையில் பிடி அரிசி எடுக்கிற வழக்கம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உன் அம்மாவும் எடுத்தவர்தான். உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளித் தனியாக வைத்து, ஞாயிறன்று காணிக்கையாகக் கொடுப்போம். இங்கேயும் கிறிஸ்தவ வீடுகளில் அது நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ரோட்டில் லோரியை மறித்துச் சுடுகிறார்கள் என்ற பயத்தில் போதகர் வருவது அபூர்வமாகிவிட்டது. காணிக்கை அரிசி எங்கள் வீட்டில் தங்க ஆரம்பித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பெண்கள் முடிவு பண்ணினார்கள். இது ஆண்டவருக்குக் கொடுத்ததாகவே இருக்கட்டும், ஆனால் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், யார் காய்ச்சலில் படுத்தாலும் இதிலிருந்து போகட்டும் என்றார்கள். இந்துப் பெண்களும் நாங்களும் ஒரு பிடி எடுக்கிறோம் என்றார்கள். எல்லாருக்கும் பொதுவான சிறுவாடு. இரண்டு மண்ணெண்ணெய் டின்களைக் கழுவிக் காயவைத்து எங்கள் சமையலறை மூலையில் வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன் முரியல், இந்த ஊருக்கு வந்த பிறகு இது என் ஊர் என்று எனக்குத் தோன்றியது அந்த மாதங்களில்தான்.

மே மாதம் புதிய உத்தரவு வந்தது. ராஜா மூசா காட்டில் இருப்பவர்களைப் பட்டினி போட்டு வெளியே கொண்டுவர வேண்டுமாம். அதனால் ரேஷன் கார்டுக்கு மேல் எந்த வீட்டிலும் அரிசி இருக்கக் கூடாது, வேலைக்குப் போகும்போது சோறு கொண்டுபோகக் கூடாது. அந்த உத்தரவைத் தமிழில் மாற்றியதே ஜூலியஸ்தான். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அவர்தானே. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில், லாந்தர் வெளிச்சத்தில், கங்காணி வேலை பார்க்கும் மண்டோர்களை வைத்துக்கொண்டு எல்லாரும் கேட்கும்படி அதை வாசித்தவரும் அவர்தான். வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து, நம் பானையில் எவ்வளவு இருக்கிறது பார் என்றார். பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அந்த இரண்டு டின்களும் அதே மூலையில், எங்கள் காலுக்குப் பக்கத்தில் இருந்தன. அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கொடுத்துவிட்ட பொருள் நம்முடைய கணக்கில் எப்படி வரும்? சின்ன வயசிலிருந்து அப்படித்தானே நம்மை வளர்த்தார்கள். பசித்தாலும் பிடி அரிசிப் பானையில் கை வைக்க மாட்டோம். அது வீட்டுக்குள் இருந்தாலும் வீட்டுச் சொத்து இல்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலையில் தோட்டத்தைச் சுற்றி வளைத்தார்கள். எல்லாரையும் லயங்களுக்கு முன்னால் வெயிலில் உட்கார வைத்து, வீடு வீடாகப் போனார்கள். கிராணி வீடு என்பதால் கடைசியில்தான் வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரியும் கூட நாலைந்து போலீஸ்காரர்களும். டின்களைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த அரிசி யாருடையது என்று அதிகாரி கேட்டார். ஜூலியஸ் கொஞ்சமும் யோசிக்காமல், "இது எங்களுடையது இல்லை, சார்" என்றார். உண்மைதானே! அதைவிட உண்மை வேறென்ன? ஆனால் அந்த அதிகாரியின் முகம் அப்படியே மாறியதை நான் பார்த்தேன். உன்னுடையது இல்லை என்றால், யாருக்காக வைத்திருக்கிறாய்? யார் கொண்டுவந்து கொடுத்தது?

அப்போதுதான் ஜூலியஸுக்கு விளங்கியது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பெண்கள் எல்லாரும் வெயிலில் உட்கார்ந்து எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, "புள்ளைக்குப் பால் குடு, போ" என்று தமிழில் சொன்னார். பிறகு அதிகாரியிடம், எல்லாம் என்னுடையதுதான், நானே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன் என்றார். முதலில் இல்லை என்றதும் பின்னால் ஆமாம் என்றதும் இரண்டுமே எழுத்தில் ஏறிவிட்டன. டின்களையும் அவரையும் ஒரே லோரியில் ஏற்றினார்கள்.

மாதம் ஒரு முறை பார்க்க விடுகிறார்கள். இரண்டு பஸ் மாறி, மெர்சியையும் தூக்கிக்கொண்டு போனேன். நடுவில் கம்பி வலை. பக்கத்தில் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இளைத்திருக்கிறார். "சாப்பாடு பரவாயில்லை, உப்பு உன் கையைவிடச் சரியா விழுது" என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். மெர்சி அவரைப் பார்த்து அழுதாள். மீசை வளர்ந்திருப்பதால் அடையாளம் தெரியவில்லை என்று நான்தான் சமாதானம் சொன்னேன். கிளம்பும்போது, யார் பெயரையும் சொல்லாதே என்று மட்டும் சொன்னார். அதை மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர் கேட்டால் கேட்கட்டும் என்பதுபோல இருந்தது.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரெங்கசாமி என்று புதிய கிராணி வந்துவிட்டார். நல்ல மனிதர், நான் காலி பண்ணும் வரை ஆபீசிலேயே படுத்துக்கொண்டார். இப்போது நாங்கள் ஃப்ளோராவோடு இருக்கிறோம். பியானோ கற்றுக்கொண்ட விரலால் இப்போது ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கிறேன். நீ அழாதே, கை கொஞ்சம் வெந்திருக்கிறது, அவ்வளவுதான். போரையாருக்குத் திரும்பி வந்துவிடு என்று அப்பா எழுதுகிறார். ஜூலியஸை நாடு கடத்தினால் எல்லாரும் நாகப்பட்டினம் கப்பலில்தான் வர வேண்டும். ஆனால் அவர் மூன்று வயதில் இங்கே வந்தவர். அவர் அப்பா அம்மா இங்கேதான், சபாக்கில் மண்ணுக்குள் இருக்கிறார்கள். கம்யூனிஸ்டு என்று முத்திரை குத்திக் கப்பலேற்றிய ஆளுக்கு அங்கே யார் வேலை கொடுப்பார்கள்?

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். சுங்கை சோவில் வாத்தியாராக இருக்கும் என் மூத்தார், ஜூலியஸின் அண்ணன் சில்வெஸ்டர், ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறார். அக்டோபரில் விசாரணைக் குழு ஜூலியஸின் வழக்கை எடுக்கிறது. விடுவதா, இன்னும் உள்ளே வைப்பதா, கப்பலேற்றுவதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். அவர் பேச மாட்டார் என்பதால் நான் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும் என்கிறார் வக்கீல். அரிசி எப்படிச் சேர்ந்தது, எந்தெந்த வீட்டிலிருந்து வந்தது, எதற்கு என்று வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், டின்களை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவு அரிசிக்கும் கணக்கு வேண்டும் என்கிறார்.

இதில் உன்னால் ஓர் உதவி உண்டு. தரங்கம்பாடிப் பள்ளியில் நமக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஸ்வீடன் தேசத்து அம்மா இப்போது உன் பக்கத்து நாட்டில்தானே இருக்கிறார்கள்? பிடி அரிசி என்பது நம் சபைகளில் காலங்காலமாக உள்ள வழக்கம் என்று அவர்கள் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினால் போதும். எங்கள் போதகர் எழுதினார். அதை இங்கே அதிகாரிகள் படித்த மாதிரியே தெரியவில்லை. வெள்ளைக்காரர் கையெழுத்தாக இருந்தால் படிப்பார்கள்.

பெண்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை. சில்வெஸ்டர் வந்துபோன செய்தி பரவி, அவர்களாகவே வந்தார்கள். முதலில் தாயம்மாதான். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எம்பேரச் சொல்லு. தாயம்மா, மூணாவது லயம்னு நல்லா வெளங்கச் சொல்லு. புடிச்சிட்டுப் போனா போவட்டும், அங்க விடியறதுக்கு முன்னாடி எழுந்து மரம் சீவச் சொல்ல மாட்டானுங்கள்ல" என்றாள். அதன் பிறகு ஒவ்வொருத்தியாக. சிலர் தங்கள் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஜூலியஸ் யாரை மறைக்க உள்ளே போனாரோ, அவர்களே வந்து நிற்கிறார்கள். அவர் சொன்னதை மீறுகிறேன்தான். வேறு என்ன செய்வேன், சொல்.

கங்கா மட்டும் வரவில்லை. அவள் புருஷன் கார்த்திகேசு முன்பு தொழிற்சங்கத்தில் இருந்தவன். சங்கத்தைத் தடை பண்ணியபோது பிடித்துக்கொண்டு போய் அடித்து அனுப்பினார்கள். அவன் பெயர் இன்னும் போலீஸில் இருக்கிறது. கங்கா வீட்டு அரிசியும் அந்த டின்னில் இருந்தது என்று தெரிந்தால் கதை வேறாகிவிடும். அப்போது ஜூலியஸையும் சேர்த்தே முடித்துவிடுவார்கள், கார்த்திகேசுவையும் விட மாட்டார்கள். ஆனால் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல், ஒரு பிடிக்கு ஒன்றரைப் பிடியாகக் கொண்டுவந்தவள் அவள்தான்.

போன வாரம் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தாள். குடம் நிரம்பி வழிகிறது, எடுக்கவில்லை. "என்னய மட்டும் விட்ருங்கம்மா" என்றாள். "எல்லாரும் பேரு குடுத்துட்டாங்கன்னு தெரியும். எனக்கு மட்டும் ரோசம் இல்லையான்னு தாயம்மா கேக்குது. இருக்கும்மா. ஆனா அவரு இன்னொரு தடவை அடி தாங்க மாட்டாரு." நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவள் கையைப் பிடித்து, உன் பெயர் என் வாயில் வராது கங்கா, என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வேதப் புத்தகம் ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வக்கீலிடம் சொல்ல முடியாது, சில்வெஸ்டரிடம் சொன்னால், பிறர் சொல்வதற்கு முன்னால் நாமே அவளைக் காட்டிக்கொடுத்தால்தான் தம்பி தப்புவான் என்பார். ஜூலியஸிடம் வலைக்கு இந்தப் பக்கம் நின்று எப்படிச் சொல்வது? அவருக்குத் தெரியட்டுமே என்றும் இருக்கிறது, தெரிய வேண்டாம் என்றும் இருக்கிறது. உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைத் தோட்டத்துத் தபாலில் போடவில்லை. பத்தாங் பெர்ஜுந்தையில் மளிகைக் கடை வைத்திருக்கும் மதார் சாகிபு நாளைக்கு நாகூருக்குப் புறப்படுகிறார். ஊரில் இறங்கியதும் விமானத் தபாலில் போட்டுவிடுகிறேன், என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்க மாட்டேன் தங்கச்சி, என்று வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். படித்ததும் கிழித்துவிடு.

நீ அந்தச் சொல்லை எழுதியதற்காக ஒரு நிமிஷமும் வருத்தப்படாதே. உன் கட்டுரையை முடி. சிறுவாடு என்று தாயம்மா சொன்னாள் என்று அதில் அவள் பெயரையும் போடு, சந்தோஷப்படுவாள். குளிருக்குக் கம்பளிக்காலுறை போட்டுக்கொள். உன்னையும் உன் கூடப் படிக்கிறவர்களையும் அந்த வீட்டுக்கார அம்மாவையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பார்.

ஜூலியஸ் விடுதலையாக வேண்டும் என்று இங்கே இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தினமும் வேண்டிக்கொள்கிறார்கள். அதை அவர்கள் கேட்கட்டும். நீ எனக்காக வேறொன்று கேள், முரி. எல்லாப் பெயர்களையும் சொல்லி முடித்து, புத்தகத்தின் மேல் கையை வைத்தபடியே நான் நிற்கும்போது, "இவ்வளவுதானா, வேறு யாரும் இல்லையா?" என்று அந்த மனிதர்கள் என்னைக் கேட்காதிருக்க வேண்டும். இது ஒன்றை மட்டும் எனக்காகக் கேள்.

உன் அன்புத் தோழி,
கான்ஸ்டன்ஸ் ஜூலியஸ்